மலை நீங்காத பெருமாளும் கடல் கடந்த அம்மனும்

தெய்வம் ஓரிடத்தில் நிலைகொண்டதா, அடியாரோடு கூடவே புறப்பட்டு வருவதா என்ற பழைய கேள்விக்குத் திருப்பதியில் ஒரே ஊருக்குள் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. திருமலை வேங்கடவனின் திருமேனி சுயம்வியக்தம், அதாவது மனிதர் செதுக்காமல் தானே வெளிப்பட்டது, என்று வைணவ மரபு கொள்வதால் அங்கே மலையையும் மூர்த்தியையும் பிரித்துப் பேச இயலாது. அடிவாரத்தில், அவருக்குத் தங்கையாகப் போற்றப்படும் தாத்தய்யகுண்ட கங்கம்மாவின் ஜாத்திரை நிறைவுறும் விடியலிலோ, களிமண்ணால் அமைத்த அவளுடைய உக்கிர முகம் கலைக்கப்பட, கூடியிருப்போர் அந்த மண்ணைப் பிரசாதமாகப் பெற்று வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். மண்ணில் எழுந்து மண்ணாகக் கலையும் இத்தெய்வத்தை எங்கும் எழுந்தருளச் செய்யலாம்.

இந்த வேறுபாட்டின் முழுப் பொருளும் கரீபியக் கடலில்தான் விளங்குகிறது. அடிமை முறை 1848இல் ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய பிரெஞ்சுக்காரர்கள், புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழரையும் தெலுங்கரையும் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் சென்றனர். 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த கரீபியத் தீவான குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பீத்ர் துறைமுகத்தை அடைந்தது. 1889 வரை அத்தீவுக்கு வந்தோர் ஏறத்தாழ 42,000 பேர். திருப்பதியும் அடங்கிய, அக்காலத்தில் சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வட ஆர்க்காடு மாவட்டத்தாரும் மொரீசியஸ், நத்தால் முதலிய இடங்களுக்கு இவ்வாறே கப்பலேறினர்.

கடற்பயணத்தைப் பௌதாயன தருமசூத்திரம் 'பதனீயம்', அதாவது சாதியினின்று வீழச் செய்யும் குற்றம், என்று வகுக்கிறது. சாத்திரம் கைவிட்ட அம்மக்களை மாரியம்மனும் மதுரைவீரனும் கைவிடவில்லை. சிற்பியும் ஆகமம் கற்ற அர்ச்சகரும் இல்லாத தோட்டக் குடியிருப்பில், பூசாரியின் அழைப்பும் தப்பு முழக்கமும் கிடாய்ப் பலியுமே தெய்வத்தை வரவழைக்கப் போதுமானவையாக இருந்தன. தமிழைப் பேச மறந்த தலைமுறையினரும் வழிபாட்டில் தமிழ்ப் பாடல்களை விடவில்லை என்பது, பக்திக்குப் பொருளறிவு இன்றியமையாததா என்ற இன்னொரு கேள்வியை எழுப்புகிறது. அதற்கு அவர்களுடைய நடைமுறை தரும் விடை பண்டிதர்களுக்கு உவப்பாக இராது.

வேங்கடவனும் பின்னாளில் கடல் கடந்தார் என்பது உண்மையே; 1970களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் அவருக்குக் கோயில் எழுந்தது. அதற்குச் சிற்பிகளும் ஆகம விதிகளும் பெரும்பொருளும் வேண்டியிருந்தன. அம்மனோ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, கூலிகளின் கப்பலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்கும் நிறைந்தது இறை என்னும் கொள்கையைத் தத்துவ நூல்கள் வாதித்து நிறுவின. அதை வாழ்ந்து மெய்ப்பித்தவர்கள் ஏட்டறிவு இல்லாத இக்கூலிகளே.

கடற்கரையையும் பழந்துறைமுகத்தையும் காணக் குவாதலூப்புக்குச் செல்லும் தமிழர், காப்பெஸ்டெர் பகுதியில் சாங்கியிலுள்ள அம்மன் கோயிலுக்கும் ஒரு பொழுது ஒதுக்க வேண்டும்.