சகவாசமும் சுபாவமும்

மனிதனுடைய குணம் பிறவியோடு வந்ததா, சேர்க்கையால் விளைவதா என்பது நம் சமயங்கள் நெடுங்காலமாக விசாரித்துவரும் கேள்வி. வள்ளுவர் சிற்றினம் சேராமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பக்தி மார்க்கத்தாரோ சத்சங்கத்தை முக்திக்கு வாயிலாகப் போற்றினர். இவ்விசாரணையில் ரசாயனசாலை தரும் சாட்சியத்தையும் ஆன்மிகச் சிந்தையுடையோர் அலட்சியம் செய்யலாகாது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் முதலியோர் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியையே கருதுகிறேன். இன்ன திசுவாவது என்று இன்னும் தீராத எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை, கொலாஜன் பூசிய பாலிஅக்ரிலமைடு ஜெல்லின்மேல், ஒரேவிதப் போஷாக்குத் திரவத்தில் அவர்கள் வளர்த்தார்கள். ஜெல்லின் இழைகளைப் பிணைக்கும் சேர்மத்தைக் கூட்டியும் குறைத்தும் அதன் விறைப்பை மட்டுமே மாற்றினார்கள். மூளையின் மென்மையை ஒத்த, 1 கிலோபாஸ்கலுக்கு உட்பட்ட தளத்தில் இருந்தவை நரம்பணுக்களைப்போல் கிளைவிட்டன. தசையை ஒத்த 8 முதல் 17 வரையிலான தளத்தில் தசையணுக்களைப்போல் நீண்டன. 25 முதல் 40 வரையிலான கடினத் தளத்தில் எலும்பணுக்களின் சாயலை எய்தின.

அப்படியானால் எல்லாம் தளத்தின் செயலே, உயிரணு வெறும் பொம்மை என்று முடிவுகட்டுவது அவசரம். மயோசின் என்னும் புரதத்தின் வலுவால் தளத்தைப் பற்றியிழுத்து, அது எவ்வளவு இணங்குகிறதென்று சோதித்தே செல் அதன் தன்மையை அறிகிறது; மயோசினை மருந்தால் முடக்கியதும், தளம் எவ்வாறிருப்பினும் செல் அதற்கேற்ப மாறவில்லை. மேலும், முதல் வாரத்தில் வேறு தூண்டற்பொருள்களால் அதன் போக்கைத் திருப்ப முடிந்தது. பல வாரங்கள் கழிந்தபின்னரோ தளம் வகுத்த நெறியிலேயே அது நிலைத்துவிட்டது.

செல்லுக்கு அறம் உண்டென்றோ, வினைக்கொள்கை ஜெல்லினால் நிரூபணமாயிற்றென்றோ நான் சொல்லவில்லை. ஆயினும் விதியா, முயற்சியா என்று இரண்டையும் எதிரிகளாக நிறுத்தி வாதிடும் நம் வழக்கம் குறையுடையது என்பதை இது தெளிவாக்குகிறது. சூழல் நம்முள் புகுவது நம்முடைய பற்றுதலின் வழியாகத்தான். ஆகவே எதைப் பற்றுகிறோம் என்பதற்கு நாமே பொறுப்பாளிகள். அதனினும் பெரியதொரு பொறுப்பும் உண்டு: வீடும் பள்ளியும் தெருவும் குழந்தைகளுக்காக நாம் இட்டுவைத்த தளங்கள், இளமையின் நெகிழ்ச்சியோ என்றும் இருப்பதன்று. அவர்கள் ஊன்றி நிற்கும் தளத்தைக் கவனியாது விட்டுவிட்டு, பின்னர் அவர்களுடைய தலையெழுத்தைப் பழிப்பது சமயமும் ஆகாது, நியாயமும் ஆகாது.