காம்புக்கு வழிவிட்ட எழுத்து

யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் 408 என்று எண்ணிட்ட கைப்பிரதி ஒன்று இருக்கிறது. 1912-ல் அதை வாங்கிய பழம்புத்தக வியாபாரி வாய்னிச்சின் பெயரால் அறியப்படுவது. 2009-ல் அரிஸோனா பல்கலைக்கழகத்தில் நடந்த கார்பன் சோதனை, அதன் கன்றுத்தோலை 1404-க்கும் 1438-க்கும் இடைப்பட்டதாகக் கணித்தது. சுமார் 240 பக்கங்கள். அதன் எழுத்தை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி இன்றுவரை எவரும் படித்ததில்லை.

ஏறக்குறைய பாதிப் பக்கங்களில் செடிகள். பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு செடி, வேரிலிருந்து பூ வரை. அநேகமானவை என்ன தாவரம் என்று தீர்மானிக்க முடியாதவை. படம் முதலில், எழுத்து பிறகு என்பது பக்கத்தின் அமைப்பிலிருந்தே தெரிகிறது. வரி இடமிருந்து வலமாக வருகிறது, காம்பருகே நிற்கிறது, காம்பைத் தாண்டி அதே மட்டத்தில் தொடர்கிறது. இலை பரந்த இடத்தில் குறுகுகிறது, ஒதுங்கிய இடத்தில் நீள்கிறது. இந்தப் பிரதியில் நமக்குப் படிக்கக் கிடைப்பது இது ஒன்றுதான்: எழுத்து செடிக்கு வழிவிட்டிருக்கிறது.

இதிலிருந்து ஒரு பக்தியை வளர்த்துக்கொள்வது சுலபம். இவ்வளவு கவனமாக எழுதியவன் ஏதோ சொல்லித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் கவனம் எதற்குச் சாட்சி?

வங்கிக் கவுண்டரில் காசோலைக் கையெழுத்தை நாங்கள் படிப்பதில்லை. மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுகிறோம். போலி பல சமயம் மாட்டிக்கொள்வது அஜாக்கிரதையால் அல்ல, மிதமிஞ்சிய ஜாக்கிரதையால். கோடு நடுங்கும், பேனா நிற்கக் கூடாத இடத்தில் நின்றிருக்கும். 408-ன் கையில் நடுக்கம் இல்லை. அடித்தல் திருத்தல் அபூர்வம். ஆனால் சரளம் பழக்கத்தைத்தான் நிரூபிக்கும், உண்மையை அல்ல. ஒப்பிட மாதிரியும் நம்மிடம் இல்லை.

எதிர்த்தரப்பும் இதே சரளத்தைத்தான் காட்டுகிறது. சொல்ல விஷயம் உள்ளவனுக்கு வரியின் விளிம்பு ஒரு தொல்லை. சொல் முடியவில்லை, இடம் முடிந்துவிட்டது; நெருக்குகிறான், உடைக்கிறான். 1976-ல் பிரெஸ்காட் கரியர் இந்தப் பிரதியில் வரி என்பதே ஒரு செயல்படும் அலகு என்று கண்டார். சில குறிகள் வரி முடிவில்தான் அதிகம் வருகின்றன. வரிக்குத் தன் விளிம்பு தெரிந்திருக்கிறது. உரைநடையில் இப்படி நேர்வதில்லை. கவிதையில் நேரும். சங்கேதத்தில் நேரலாம். இடத்துக்கு ஏற்ப இட்டு நிரப்பிய வெற்றெழுத்திலும் நேரலாம். துளையிட்ட அட்டையும் அசைகள் நிரப்பிய அட்டவணையும் இருந்தால் இதுபோன்ற எழுத்தை உற்பத்தி செய்துவிடலாம் என்று 2004-ல் கோர்டன் ரக் எழுதினார். செய்ய முடியும் என்பது செய்தார்கள் என்பதாகாது. ஆனால் ஒன்று நிச்சயமாகிறது. பணிவின் அடையாளமாக நாம் காட்டும் அதே நெகிழ்வை வஞ்சகத்தின் அடையாளமாகவும் காட்ட முடியும்.

இந்த இடத்தில் நிற்க முடியாதவர்கள்தான் வியாக்கியானத்துக்குப் பாய்கிறார்கள். பென்ஸில்வேனியா பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் நியூபோல்ட் 1921-ல் இது ரோஜர் பேக்கன் எழுதியது என்று அறிவித்தார். ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் கண்ணுக்குப் புலப்படாத நுண்கோடுகள் இருப்பதாகவும், அவைதான் உண்மையான எழுத்து என்றும் சொன்னார். 1931-ல் ஜான் மேன்லி அவற்றைப் பரிசோதித்துவிட்டு, உலர்ந்த மையின் வெடிப்புகள் என்று காட்டினார். நியூபோல்ட் பொய்யர் அல்ல. அவருடைய தவறு புத்தி சார்ந்தது மட்டும் என்றும் நான் நினைக்கவில்லை. தனக்கு வேண்டிய அர்த்தத்துக்காக எதிரில் இருந்த பக்கத்தை ஊடுருவிப் போனார். எதற்கும் வழிவிடவில்லை. கவிதையைப் பற்றி எழுதுகிற நம்மில் பலரும் மை வெடிப்பில் தரிசனம் கண்டவர்கள்தான்.

அர்த்தம் நிச்சயமாகும்வரை மௌனம் காக்க வேண்டும் என்பதல்ல என் கட்சி. அப்படியானால் விமர்சனமே இல்லை. கவனத்தையும் உண்மையையும் ஒரே கணக்கில் வரவு வைக்கக் கூடாது என்கிறேன். 408-ஐ எழுதியவர்கள் ஏமாற்றுக்காரர்களாகவே இருக்கட்டும். ஒவ்வொரு இலையருகிலும் கை நின்று, விலகி, மீண்டும் தொடங்கியது பொய்யாகிவிடாது. அவர்கள் ஞானிகளாக இருந்தாலும் அந்த விலகல் ஞானத்துக்கு அத்தாட்சி ஆகாது. இரண்டையும் ஒருசேர ஒப்புக்கொள்வது கடினம். பக்திக்கும் ஏளனத்துக்கும் இந்தக் கஷ்டம் கிடையாது, அதனால்தான் இரண்டும் இவ்வளவு மலிந்திருக்கின்றன.

பிரதியைப் பற்றி எழுதுகிறவனுக்கு அந்தப் பக்கங்களிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு நடைமுறை இருக்கிறது. எதிரில் இருப்பது எதுவென்று தெரியாதபோது அதன்மீது எழுதாதே. அதைச் சுற்றி எழுது. செடியின் பெயர் தெரியாவிட்டாலும் செடி எங்கே முடிகிறது, தன் எழுத்து எங்கே தொடங்குகிறது என்று வாசகனுக்குத் தெரிந்தால் போதும்.