பூட்டிய கடையும் தெருவின் உரிமையும்

கடை ஒருவர்க்குச் சொந்தம். அவர் அதைத் திறப்பதில்லை. பிறர் திறக்க விடுவதுமில்லை. ஓராண்டன்று, ஈராண்டன்று, ஐந்தாண்டாய்ப் பூட்டியே கிடக்கிறது. அங்ஙனம் பூட்டிவைக்க அவர்க்கு உரிமை உண்டா? “இதென்ன கேள்வி! பொருளுக்குரியவன் பொருளைப் பூட்டுகிறான், நமக்கென்ன?” என்று சொல்லும் நண்பர்கள் நம்மிடையே பலர். உழாத நிலம் என்றால் சீறி எழுவோர்கூடத் திறவாத கடை என்றால் அமைதியாகிவிடுகின்றனர். ஏன் இந்த வேற்றுமை என்று எண்ணிப் பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவில் நியூகாசில் என்றொரு துறைமுக நகரம். நிலக்கரியாலும் எஃகாலும் வளர்ந்தது. 1989 டிசம்பர் 28இல் நிலநடுக்கம் அந்நகரை உலுக்கிற்று, பதின்மூவர் மாண்டனர். 1999இல் பெரிய எஃகாலை மூடப்பட்டது. வாங்கும் மக்களோ புறநகர் அங்காடி வளாகங்களை நாடினர். நகர் நடுவே, ஹன்டர் தெருவில், கடைக்குக் கடை கதவடைத்தது.

வாடகையைக் குறைத்தாவது விட்டிருக்கலாமே எனில், அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. குறைந்த வாடகைக்கு நெடுங்கால ஒப்பந்தம் எழுதினால், கட்டடத்தின் மதிப்பும் ஏட்டில் குறைந்துவிடும். நாளை முழுத் தெருவையும் இடித்துக் கட்ட ஒரு பெருமுதலாளி வரும்போது, உள்ளே ஒரு சிறு வணிகர் ஒப்பந்தத்தோடு உட்கார்ந்திருப்பது இடையூறு. ஆகவே காலியாய்க் கிடப்பதே ஆதாயம்! கணக்கு பிழையன்று. ஆனால் அந்தக் கணக்கில் தெருவுக்கு ஒரு வரி உண்டா? இருண்ட தெருவில் எஞ்சிய கடைக்காரர் இழந்த வணிகத்தையும், அவ்வழியே நடக்க அஞ்சிய பெண்ணின் அச்சத்தையும் எந்தப் பத்தியில் எழுதினார்கள்?

2008இல், அந்நகரத்தவரான மார்கஸ் வெஸ்ட்பரி, ‘ரினியூ நியூகாசில்’ என்னும் இலாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார். அவர் கட்டடம் வாங்கவில்லை, குத்தகையும் கேட்கவில்லை. சிறிது காலம் பயன்படுத்திக்கொள்ள இசைவு மட்டும் கேட்டார். வாடகை இல்லை. உரிமையாளர்க்கு வாடகைதாரர் கிடைத்துவிட்டால் முப்பது நாள் முன்னறிவிப்பில் வெளியேற வேண்டும். ஓவியரும், நகை செய்வோரும், ஆடை வடிவமைப்போரும் உள்ளே புகுந்தனர். தூசி போயிற்று, விளக்கு வந்தது, விளக்கைத் தொடர்ந்து மக்களும் வந்தனர். 2011ஆம் ஆண்டுக்கெனச் சிறந்த பத்து நகரங்களைத் தேர்ந்த ‘லோன்லி பிளானட்’ பயண நூலார், நியூகாசிலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர்.

“உரிமையாளரின் பெருந்தன்மையே பெருந்தன்மை!” என்று பாராட்டினர் பலர். இங்கேதான் நாம் மாறுபடுகிறோம். அக்கடைக்கு மதிப்பைத் தந்தது எது? சுவரா, கூரையா? அதே சுவரையும் அதே கூரையையும் ஆளில்லாக் காட்டில் எழுப்பினால் எவர் வாடகை தருவார்? சாலை போட்டது ஊர். சந்தையைக் கூட்டியது ஊர். எஃகாலையில் வியர்வை சிந்திய தொழிலாளி, சம்பள நாளில் அத்தெருவில் காசை இறைத்தான். ஊரால் விலை பெற்ற கடை, ஊர் நலிந்தபோது முப்பது நாள் தவணையில் திறக்கப்படுவதை நாம் கொடை என்று அழைக்கமாட்டோம். பழைய கடனில் ஒரு பகுதி திரும்புகிறது, அவ்வளவே.

முப்பது நாள் விதி இல்லையேல் ஒரு கதவும் திறந்திராது என்பர் அமைப்பினரின் நண்பர்கள். உண்மைதான், அவர்கள் கையில் இருந்த கருவி அது ஒன்றே. அதனால் ஆன நன்மையை நாம் மறுக்கவில்லை. 2019இல் அமைப்பு தன் பணியை முடித்துக்கொண்டது. தெரு மீண்டும் விலை பெற்றது, அந்த விலையோ பழைய உரிமையாளரிடமே சேர்ந்தது. தெருவுக்கு உயிர் தந்தவர் விருந்தினராய் வந்தார், விருந்தினராய்ப் போனார்.

திறந்த அறை ஒன்றின் ஆற்றல் நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் முடிதிருத்தும் நிலையத்துப் பலகையிலும், தேநீர்க்கடை வாயிலிலும், படிப்பகத்து ஓலைக்கூரையின் கீழும் ஒருவர் ஏடு படிக்கப் பதின்மர் கேட்டே நம் இயக்கம் வளர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவனும் அங்கே அரசியல் அறிந்தான். தனிக் குவளை வைத்த கடைகள் இருந்த ஊரில், ‘நீ எந்தச் சாதி?’ என்று கேளாத நான்கு சுவர் எத்துணைப் பெரிய செல்வம்! ஆகவே கலைக்கூடம், மன்றம் என்று பெயர் எது வைத்தாலும், அதன் வாயிலில் யார் தயங்கி நிற்கிறார் என்பதையே நாம் முதலில் பார்ப்போம்.

இங்கிலாந்து ஓரடி முன்னே சென்றிருக்கிறது. அங்கே 2024 டிசம்பர் முதல், இரண்டாண்டில் 365 நாளுக்குமேல் காலியாய்க் கிடக்கும் கடையை, ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை வாடகைக்கு ஏலம்விட உள்ளாட்சி மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. குறைந்த அளவு வாடகை இவ்வளவு என்ற வரம்பும் இல்லை. ஏலம் என்றால் பணமுள்ளவர் கை ஓங்கும் என்னும் ஐயம் நமக்கு உண்டு. எனினும், பூட்டும் உரிமைக்கு ஓர் எல்லை உண்டென்று சட்டமே சொல்லிவிட்டதே!

நம் ஊர்களில் பேருந்து நிலையத்தை ஒட்டி நகராட்சி கட்டிய கடைகள் சில, ஏலம் எடுப்பாரின்றித் துருப்பிடித்த பூட்டோடு நிற்கின்றன. அங்கே எந்தச் செல்வரின் இசைவும் வேண்டுவதில்லை, உரிமையாளர் நாமே. நகர்மன்றத்தில் ஒரு தீர்மானம், நான்கு பலகை, ஒரு விளக்கு, அன்றைய நாளேடுகள் போதும். மாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவர் உள்ளே வந்து உட்காருவர்.