அச்சம் நல்லாசான் ஆகுமா?

அச்சம் மனிதனை உயர்த்துமா, தாழ்த்துமா? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. பயம் இருந்தால்தான் பிள்ளை படிப்பான், பணியாள் உழைப்பான், குடிமகன் நெறியில் நிற்பான் என்பர் ஒரு சாரார். அஞ்சி வளர்ந்த உள்ளம் குறுகிவிடும், அது பெரியதொன்றைச் சாதிக்காது என்பர் மறு சாரார். நம் சங்க மேடைகளில் இதனைப் பட்டிமன்றப் பொருளாகவும் கேட்டிருக்கிறோம். நடுவர் இரண்டும் ஓரளவு வேண்டும் என்று தீர்ப்பளிப்பார். நாமும் கைதட்டிவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க விரைவோம். வினாவோ நின்ற இடத்திலேயே நிற்கும்.

கொள்கையளவில் தீராத வழக்கை ஒரு மனிதரின் வாழ்வில் வைத்து ஆராய்ந்தால் சிறிது தெளிவு பிறக்கலாம். அதற்கு நாம் எடுத்துக்கொள்வது அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜெர்ரி ரைஸ் என்பவரின் வாழ்வு. நமக்குப் பழக்கமில்லாத ஆட்டத்தில் புகழ்பெற்ற ஒருவரை ஏன் தேடிப் போக வேண்டும் என்று அன்பர்கள் வினவலாம். அச்சத்தால் உந்தப்பட்டு உயர்ந்தவர்கள் உலகில் பலர் உளர். உச்சியில் நின்றுகொண்டு அதனை ஊரறிய ஒப்புக்கொண்டவர்களோ மிகச் சிலர். அவர்களுள் இவர் ஒருவர் என்பதே காரணம்.

ஆட்டமும் ஆளும்

நாம் கால்பந்து என்று வழங்கும் ஆட்டம் வேறு. அமெரிக்கர் அப்பெயரால் வழங்கும் ஆட்டம் வேறு. அங்கே பந்து நீள்வட்ட வடிவினது. பெரும்பாலும் கையில் ஏந்தியும் எறிந்துமே ஆடப்படுவது. அணிக்குப் பதினொருவர். கோட்டுக்குக் கோடு களத்தின் நீளம் 100 கெஜம். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜமேனும் முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போகும். பந்தை எறிபவர் 'குவார்ட்டர்பேக்'. முன்னே ஓடிச் சென்று அதனை ஏற்பவர் 'ரிசீவர்'. எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்ப்பது 'டச் டவுன்'. அதற்கு 6 புள்ளிகள்.

ரிசீவரின் பணி கடினமானது. கண் வானில் வரும் பந்தின்மேல் இருக்க வேண்டும். தம்மை வீழ்த்த வருபவரோ பெரும்பாலும் பக்கத்திலோ முதுகுக்குப் பின்னாலோ இருப்பார். பந்து கையில் விழும் கணமே மோதலும் வந்து சேரும். அஞ்சிக் கண்ணைத் திருப்பினால் பந்து தவறிவிடும்.

இப்பணியில் ரைஸ் 1985 முதல் 2004 முடிய 20 ஆட்டப் பருவங்கள் நிலைத்து நின்றார். 303 ஆட்டங்களில் 1,549 முறை பந்தைப் பிடித்து 22,895 கெஜம் முன்னேறினார். மொத்தம் 208 டச் டவுன்கள் எடுத்தார். கெஜக் கணக்கில் அவருக்கு அடுத்த இடத்தில் உள்ள லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு சேர்த்தது 17,492. முதல்வருக்கும் இரண்டாமவருக்கும் இடையே 5,000 கெஜத்துக்கும் மேற்பட்ட இடைவெளி இருப்பதே அவர் பெருமையை உணர்த்தப் போதுமானது.

செங்கல்லும் ஓட்டமும்

ரைஸ் 1962ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். கிராஃபோர்டு என்னும் சிற்றூரில் வளர்ந்தார். அதே அக்டோபர் முதல் நாளில்தான் ஜேம்ஸ் மெரிடித் என்னும் கறுப்பின மாணவர் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதனை எதிர்த்துக் கலவரம் மூண்டது. படைகள் வந்து அவருக்குக் காவல் நிற்க வேண்டியதாயிற்று. அத்தகைய மண்ணில் ஒரு கறுப்பினக் கொத்தனாரின் மகனாகப் பிறந்தவருக்கு வாழ்வைப் பற்றிய அச்சத்தை யாரும் தனியே கற்பிக்க வேண்டியதில்லை.

தந்தையார் செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்புபவர். கோடை வெயிலில் பிள்ளைகளும் உடன் உழைத்தனர். சகோதரர் கீழிருந்து செங்கல்லை எறிவார். ரைஸ் மேலிருந்து பிடித்துக் கொடுப்பார். பிற்காலத்தில் உலகம் வியந்த கைகள் முதலில் பழகியது பந்தில் அன்று, செங்கல்லில்தான்.

அவர் ஆட்டக்களம் புகுந்த கதையும் சுவையானது. ஒரு நாள் வகுப்புக்குச் செல்லாமல் பள்ளியில் சுற்றிக்கொண்டிருந்தவரைத் துணைத் தலைமையாசிரியர் பின்னால் வந்து அழைத்தார். திடுக்கிட்ட சிறுவன் எடுத்தான் ஓட்டம். அந்த வேகத்தைக் கண்ட ஆசிரியர் தண்டனையும் அளித்தார். கால்பந்துப் பயிற்சியாளரிடம் செய்தியையும் சொன்னார். ஆக, அவர் ஆட்ட வாழ்வின் முதல் ஓட்டமே அச்சத்தால் ஓடிய ஓட்டம்!

பெரிய பல்கலைக்கழகங்கள் அவரை நாடி வரவில்லை. கறுப்பின மாணவர்க்கென்று தோன்றிய மிசிசிப்பி வேலி மாநிலப் பல்கலைக்கழகம் இடம் தந்தது. அங்கே வில்லி டாட்டன் பந்தை எறிய, ரைஸ் பிடிக்க, 1984ஆம் ஆண்டில் மட்டும் 27 டச் டவுன்கள் அவர் கணக்கில் சேர்ந்தன. சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பில் வால்ஷ் இவரது ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டு மனத்தில் குறித்துக்கொண்டார். 1985இல் வீரர் தேர்வில் 16ஆம் இடத்தில் அவ்வணி இவரை எடுத்துக்கொண்டது.

உழைப்பின் ஊற்று

முதல் ஆண்டு இனிதாக இல்லை. செங்கல்லைத் தவறவிடாதவர் பந்துகளைத் தவறவிட்டார். சொந்த ஊர்க் கூட்டமே கூச்சலிட்டு இகழ்ந்தது. ஆண்டிறுதியில் ஓர் ஆட்டத்தில் 241 கெஜம் சேர்த்து அவ்வாயை அடைத்தார். 1987இல் வேலைநிறுத்தத்தால் குறுகிய பருவத்தில், ஆடிய 12 ஆட்டங்களில் 22 டச் டவுன்களைப் பிடித்தார். 1989 ஜனவரியில் நடந்த 'சூப்பர் பௌல்' இறுதிப் போட்டியில் 11 முறை பந்தைப் பிடித்து 215 கெஜம் சேர்த்துச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். மூன்று முறை அவரது அணி வாகை சூடியது.

இவ்வெற்றிகளுக்குப் பின்னிருந்த உழைப்பு வியப்புக்குரியது. மற்றவர் ஓய்வெடுக்கும் மாதங்களில் அவர் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே உள்ள ஒரு குன்றுப் பாதையில், சுமார் 2½ மைல் தொலைவு, மூச்சுத் திணற ஓடி ஏறுவார். உடன் ஓட வந்தவர்கள் பலர் பாதியில் நின்றுவிடுவர். பயிற்சியின்போது பிறர் பந்தைப் பிடித்தவுடன் திரும்பிவிட, இவரோ ஒவ்வொரு முறையும் எல்லைக் கோடு வரை ஓடிவிட்டுத் திரும்புவார்.

1997இல் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. அதுவரை காயத்தின் பொருட்டு ஓர் ஆட்டத்தையும் தவறவிடாதவர் அவர். ஓராண்டு ஓய்வு வேண்டிய காயம் என்று கருதப்பட்டது. அவரோ ஏறத்தாழ மூன்றரை மாதத்தில் களத்துக்குத் திரும்பினார். அன்றே ஒரு டச் டவுன் பிடித்தார். பிடித்து விழுந்தபோது முழங்காற்சில்லு உடைந்தது. ஆயினும் அடுத்த பருவத்தில் மீண்டும் ஆடினார். 38 வயதில் ஓக்லாண்டு ரைடர்ஸ் அணிக்குச் சென்றார். பின்னர் சியாட்டில் அணிக்கு. இறுதியாக டென்வரில், நாற்பத்திரண்டு வயதில், முன்வரிசையில் இடமில்லை என்று அறிந்த பின்னரே 2005 செப்டம்பரில் விடைபெற்றார்.

எது இவரை இவ்வாறு ஓட வைத்தது? 2010 ஆகஸ்டில் ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் நகரில், புகழாளர் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்ட நாளன்று, அவரே விடை கூறினார். தோற்றுவிடுவோமோ என்னும் அச்சமே தம் வாழ்நாள் முழுதும் தம்மைச் செலுத்திய எந்திரம் என்றார். மற்றொன்றும் சொன்னார். தம் ஆட்ட வாழ்வில் வருந்தத்தக்கது ஒன்று உண்டெனில், அதனை மகிழ்ந்து அனுபவிக்க நேரம் ஒதுக்காததே என்றார்.

இவ்விரண்டையும் தனித்தனியே கேட்டால் சிந்தனை எழாது. ஒரே மேடையில், ஒருவர் வாயிலிருந்தே இரண்டும் வந்ததுதான் நம்மை நிறுத்துகிறது. 22,895 கெஜம் ஓடிய மனிதர், ஓடிய வழியைத் தாம் பார்க்கவில்லை என்கிறார்!

எந்திரமும் சுக்கானும்

'மகிழாவிட்டால் என்ன? சாதித்தாரா இல்லையா?' என்று கேட்போர் உண்டு. வென்ற பின் வருந்துவது எளிது; வருந்தும் வசதியைத் தந்ததும் அந்த அச்சமே என்றும் வாதிடலாம். இவ்வாதத்தில் உண்மை இல்லாமற் போகவில்லை. வறுமையின் விளிம்பில் நிற்பவனிடம் சென்று, அஞ்சாதே, மகிழ்ந்திரு என்று உபதேசிப்பது பொறுப்பற்ற செயல். அந்தக் கொத்தனாரின் மகனுக்குத் தோல்வி என்பது வெறும் சொல்லன்று. திரும்பிச் செல்ல வேண்டிய செங்கல் வேலையின் வெயில்.

ஆயினும், அச்சம் எந்திரம் என்பதை ஒப்புக்கொண்டால், ஒரு படகை எந்திரம் மட்டும் கரை சேர்க்காது. சுக்கானும் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2015ஆம் ஆண்டு ஒளிபரப்பான ஒரு நிகழ்ச்சியில், தம் கையுறைகளில் ஒட்டும் பசையைச் சிறிது தெளித்துக்கொண்டதாக ரைஸ் தாமே சொன்னார். அது சற்று விதிக்குப் புறம்பானதுதான் என்றும் குறிப்பிட்டார். அத்தகைய பசை 1981ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது; அவர் தொழில்முறை ஆட்டத்தில் நுழைந்தது 1985இல். கண்டனம் எழுந்தபோது மன்னிப்புக் கோரினார். எல்லா ஆட்டக்காரர்களும் செய்ததே என்றும் உடன் சேர்த்துக்கொண்டார்.

அவரை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. அப்பசையால் அவர் பெற்றது எவ்வளவு என்று எவராலும் அளந்து கூற இயலாது. பறந்து வரும் செங்கல்லைப் பிடித்த கைக்குப் பசை எதற்கு என்றுதான் நமக்கு வியப்புத் தோன்றுகிறது. தோல்விக்கு அஞ்சுபவனுக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் போதாது என்றே தோன்றும் போலும். குன்றில் ஏறச் சொல்வதும் அதே அச்சம். கையில் பசையைத் தடவச் சொல்வதும் அதே அச்சமாக இருக்கலாம். இரண்டுக்கும் வேறுபாடு காட்ட அச்சத்துக்குத் தெரியாது. 'எல்லோரும் செய்கிறார்கள்' என்பது அலுவலகக் காகிதத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லும்போது நாமும் சொல்லிக்கொள்ளும் சமாதானந்தானே!

வள்ளுவப் பெருந்தகை அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை அறிவுடையோர் இயல்பாகக் கொண்டார். அவர் அச்சத்தை முற்றும் விலக்கவில்லை. எதற்கு அஞ்சுவது என்பதையே வினாவாக்கினார். பழிக்கு அஞ்சுவது ஒன்று. தோல்விக்கு அஞ்சுவது மற்றொன்று. முன்னது செயலைத் தூய்மையாக்கும். பின்னது செயலை விரைவாக்கும், அவ்வளவே.

ரைஸின் வாழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. 1989 இறுதிப் போட்டியின் கடைசி நிமிடத்தில், ஆட்ட நேரத்துக்குள் வெல்ல அணிக்கு ஒரு டச் டவுன் தேவைப்பட்டது. ரைஸ் குறுக்கே ஓடி எதிரணியின் கவனத்தைத் தம்பால் ஈர்த்தார். ஜோ மான்டானா எறிந்த பந்தை ஜான் டெய்லர் பிடித்தார். 20க்கு 16 என்று அணி வென்றது. அக்கணத்து ஓட்டத்தால் அவர் கணக்கில் ஒரு கெஜமும் சேரவில்லை. சகோதரர் எறிந்த செங்கல்லைப் பிடித்ததும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. சுவர் மட்டும் உயர்ந்தது. தம் பெயருக்காக அன்றி, எழ வேண்டிய ஒன்றுக்காக உழைக்கும்போதும் மனிதன் முழு ஆற்றலோடு உழைக்க முடியும் என்பதற்கு இவை போதாவா?

நம் வீட்டில்

ஊரை விட்டு ஒரு தகரப்பெட்டியோடு வடக்கே வந்தவர்கள் நாம். மொழி தெரியாத நகரில் நம்மைச் செலுத்தியதும் ஓர் அச்சமே: அதே பெட்டியோடு திரும்பிப் போக நேருமோ என்னும் அச்சம். அதனால்தான் இரவு விழித்துத் துறைத் தேர்வுகள் எழுதினோம். குளிரில் வரிசையில் நின்றோம். பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். அதற்கு நாம் நன்றி சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் பணி ஓய்வு விழாக்களில், மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, முப்பத்தைந்து ஆண்டுகள் போனதே தெரியவில்லை என்று பெரியவர்கள் தழுதழுக்கும்போது, அது மகிழ்ச்சியின் சொல்லா, கான்டன் மேடையில் ரைஸ் சொன்னதன் தமிழ் வடிவமா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நமக்குப் பயன்பட்ட அச்சத்தை நம் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுத்து வருகிறோம். அவர்களுக்கோ திரும்பிப் போக வேண்டிய தகரப்பெட்டியே இல்லை. காரணம் மறைந்த பின்னும் அச்சத்தை மட்டும் கொடுப்பது முறையா? உழைப்பைக் கொடுப்போம், குன்றின் மேல் ஓடவும் சொல்வோம். பழிக்கு அஞ்சக் கற்பிப்போம். தோற்றால் வீட்டுக் கதவு சாத்தப்படாது என்பதையும் சேர்த்துச் சொல்வோம். மதிப்பெண் அட்டையில் கையெழுத்திடும் முன், இவ்வாண்டு படித்தவற்றுள் எது பிடித்திருந்தது என்று ஒரு கேள்வி கேட்போம். முதலில் விடை வராமலும் போகலாம்; நம்மையும் அவ்வாறு எவரும் கேட்டதில்லை அல்லவா?

அச்சம் மனிதனை நெடுந்தொலைவு ஓட வைக்கும் என்பதற்கு ஜெர்ரி ரைஸ் சான்று. ஓடி வந்த வழியின் அழகை அது காட்டித் தராது என்பதற்கும் அவரே சான்று. இரண்டையும் மறைக்காமல் சொன்ன அந்த நேர்மைக்காகவேனும் அவருக்கு நாம் தலைவணங்கலாம்.