நண்பனின் கை பட்ட மது

திராட்சையைப் பிழிந்து மதுவாக்குவது பெருவணிகம் ஆவதற்கு நெடுங்காலம் முன்பே வீட்டு வேலையாகவும் அக்கம்பக்கத்தாரின் கூட்டு வேலையாகவும் இருந்தது. இன்றும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலும் நண்பர்கள் சிலர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, அறுவடைக் காலத்தில் பழம் வாங்கி, ஒருவர் வீட்டுக் கார் கொட்டகையில் நசுக்கிச் சாறெடுத்து, ஏறத்தாழ 23 லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் குடுவைகளில் நொதிக்கவிட்டு, வண்டல் படியப் படியத் தெளிவை மட்டும் வேறு குடுவைக்கு இறுத்து, குடுவைக்கு 30 புட்டி என்ற கணக்கில் தமக்குள் பங்கிட்டுக் கொள்கின்றனர். பிறருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. யூத சமயச் சட்டமோ இதை அவ்வளவு எளிதாகக் கடந்து போவதில்லை. அந்த நண்பர்களில் ஒருவர் சமய ஒழுக்கம் பேணும் யூதராகவும் இன்னொருவர் யூதரல்லாதவராகவும் இருப்பாராயின், பின்னவரின் கை பட்ட மதுவை முன்னவர் அருந்தக் கூடாது என்று அச்சட்டம் விதிக்கிறது. சேர்ந்து உழைத்துச் செய்ததைச் சேர்ந்து அருந்த முடியாமற் போகும் இந்நிலை, சமய எல்லையும் நட்பும் ஒரே மேசையில் அமர முடியுமா என்ற பழைய கேள்வியை மிகக் கூர்மையான வடிவில் எழுப்புகிறது.

சட்டம் இரு வகை மதுவைப் பற்றிப் பேசுகிறது. பிற தெய்வத்திற்குப் பானபலியாக வார்க்கப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்த மது 'யாயின் நேசெக்' எனப்படும்; அதை அருந்துவது மட்டுமன்றி விற்றுப் பயன் பெறுவதும் கூடாது. வார்க்கப்பட்டதா இல்லையா என்று தெரியாத, யூதரல்லாதார் செய்த அல்லது தொட்ட சாதாரண மது 'ஸ்தாம் யேனாம்' எனப்படும்; நடைமுறையில் எழும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தவை. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு, திராட்சை எந்தக் கணத்தில் 'மது' என்ற தகுதியைப் பெறுகிறது என்பதையும் ஆராய்கிறது: பிழிந்த சாறு தொட்டிக்குள் இறங்கும்வரை அது பழமே; இறங்கியபின் அது மது. பிற்கால அறிஞர்கள் இக்கணத்தைச் சற்று முன்தள்ளி, சாறு திப்பியிலிருந்து பிரிந்து ஓடத் தொடங்கும்போதே விதி பிடித்துக்கொள்கிறது என்றனர். ஆகவே பழத்தைப் பறிப்பதிலும் கூடை சுமப்பதிலும் இரு நண்பர்களுக்கிடையே எந்த வேறுபாடும் இல்லை. நொதிப்பு தொடங்குவதற்கு முன்னரே, சாறு ஓடத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில், கோடு விழுகிறது.

இவ்விதிக்குத் தல்மூது, அதாவது மிஷ்னாவை ஒட்டி எழுந்த பெரும் விவாதத் தொகுப்பு, கூறும் காரணம் வெளிப்படையானது. சிலை வழிபாட்டு அச்சம் ஒரு பக்கம் இருக்க, பிறரோடு மது அருந்தினால் அவர்தம் மகளிரோடு மணவுறவு ஏற்படும் என்ற அச்சமே ஸ்தாம் யேனாமின் தடைக்கு அடிப்படை என்று அது சொல்கிறது. அதே வரிசையில் பிறர் செய்த அப்பமும் எண்ணெயும்கூடத் தடைசெய்யப்பட்டிருந்தன. ஆனால் எண்ணெய்த் தடையை யூத சமய நீதிமன்றமே பின்னர் நீக்கியது, அப்பத்தின் தடை பல இடங்களில் தளர்ந்தது. மது மட்டும் தளரவில்லை. பசிக்கு உண்ணும் அப்பத்தை யாரிடமும் வாங்கிக்கொள்ளலாம்; மதுவை அருந்த உட்கார வேண்டும், பேச வேண்டும், பேச்சு நீள வேண்டும், அடுத்த கோப்பைக்கும் அமர வேண்டும். தடையை விதித்தவர்கள் மதுவை இழிவாகக் கருதியதால் விதிக்கவில்லை. அது மனிதரை எவ்வளவு நெருக்கமாகப் பிணைக்கும் என்பதை நன்கறிந்திருந்ததாலேயே விதித்தனர். இந்த நோக்கில் பார்த்தால், மதுவும் நட்பும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு இத்தடையைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

அரிஸ்டாட்டில் 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலில் நட்பைப் பற்றி எழுதிய இரு பகுதிகளை முடிக்குமிடத்தில், நண்பர்கள் வாழ்க்கையில் எதை மிகவும் விரும்புகிறார்களோ அதைச் சேர்ந்து செய்வர் என்று கூறி, சேர்ந்து மதுவருந்துதலையும் வேட்டையாடுதலையும் மெய்யியல் பயிலுதலையும் ஒரே பட்டியலில் வைக்கிறார். அவர் வகுத்த பயன்நட்பு, இன்பநட்பு, அறநட்பு என்ற பாகுபாட்டை 12-ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞரும் மெய்யியலாளருமான மைமோனிடிஸ், மிஷ்னாவின் ஓர் அறவுரைக்கு எழுதிய உரையில் எடுத்தாள்கிறார். அதே மைமோனிடிஸ் தம் சட்டத் தொகுப்பில், சிலையை வணங்காத முஸ்லிம்கள் தொட்ட மதுவை விற்றுப் பயன் பெறலாம், ஆனால் அருந்தலாகாது என்றும் எழுதுகிறார். சிலை வழிபாட்டு அச்சம் நீங்கிய இடத்திலும் அருந்தும் தடை நீங்காமையை இவ்விதி தெளிவாகக் காட்டுகிறது.

தடையின் மறுபக்கமாக ஓர் ஆசிமொழியும் உண்டு. மேசையில் ஏற்கெனவே ஒரு மது இருக்கையில் வேறொரு மது கொண்டுவரப்பட்டால், இறைவன் நல்லவன், பிறருக்கும் நன்மை செய்பவன் என்று பொருள்படும் தனி ஆசிமொழி ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தல்மூது விதிக்கிறது. உடன் அருந்துவோர் இருந்தால்தான் அதைச் சொல்லலாம். தனியே அமர்ந்து இரண்டாம் புட்டியைத் திறப்பவருக்கு அந்த ஆசிமொழி இல்லை. அப்பத்துக்கோ இறைச்சிக்கோ இத்தகைய ஏற்பாடு கிடையாது. இதே சொற்களாலான ஆசிமொழி, கி.பி. 132 முதல் 135 வரை ரோமருக்கு எதிராக நடந்த கிளர்ச்சியின் முடிவில் பெத்தார் கோட்டையில் கொல்லப்பட்டோரின் உடல்களை அடக்கம் செய்ய அனுமதி கிடைத்ததன் நினைவாக, உணவுக்குப் பிந்தைய நன்றியுரையிலும் சேர்க்கப்பட்டது என்பது மரபு. துக்கத்தின் நடுவே கிட்டிய ஒரு சிறு ஆறுதலுக்கும் நண்பர் மேசைக்கு வந்த இரண்டாம் மதுவுக்கும் அதே சொற்கள் போதும் என்று அம்மரபு கருதியது வியப்புக்குரியது.

இனி, சமய எல்லையும் நட்பும் ஒரே மேசையில் அமர முடியுமா என்ற கேள்வியின் மையத்திற்கு வரலாம். மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோனியாவின் நெகார்தெயா நகரில் வாழ்ந்த ஷமுவேல் பெரும் சட்ட அறிஞர்; நாட்டின் சட்டம் யூதரையும் கட்டுப்படுத்தும் என்ற புகழ்பெற்ற கோட்பாடு இவருடையது; வானியலிலும் தேர்ந்தவர். இவருக்கு அப்லாத் என்னும் யூதரல்லாத சோதிட அறிஞர் நண்பராக இருந்தார். தல்மூது இவ்விருவரையும் வேறிடங்களிலும் சேர்த்தே காட்டுகிறது. ஒருமுறை இருவரும் அமர்ந்திருக்கையில் காய்ச்சிய மது கொண்டுவரப்பட்டது. அப்லாத் தம் கையைப் பின்னிழுத்துக்கொண்டார். ஷமுவேல், காய்ச்சிய மதுவுக்குப் பானபலி பற்றிய ஐயம் பொருந்தாது என்று அறிஞர்கள் கூறியுள்ளனர் என்றார். பதிவு இவ்வளவுதான். அதைத் தொகுத்தவர்களின் நோக்கம் காய்ச்சிய மதுவுக்கு விலக்கு உண்டு என்று நிறுவுவது மட்டுமே. நட்பைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. இருப்பினும், சட்டத்தை நிறுவ அவர்கள் எடுத்துக்கொண்ட இந்நிகழ்ச்சியில் சட்டத்தைவிட நுட்பமான ஒன்று தங்கிவிட்டது.

அப்லாத்தை யூதச் சட்டம் எவ்வகையிலும் கட்டுப்படுத்தாது. அவர் கையை நீட்டியிருந்தால் குற்றம் ஏதுமில்லை. அருந்த முடியாமற் போவது ஷமுவேலுக்கு மட்டுமே. ஆகவே கையைப் பின்னிழுத்தது கடமையால் அன்று. தமக்கு ஒரு பொருட்டும் இல்லாத ஒரு விதி தம் நண்பருக்கு எவ்வளவு பொருட்டானது என்பதை அறிந்திருந்ததால். மறுபுறம் ஷமுவேலுக்கும் வாய் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நண்பரின் தயக்கத்தைக் கண்டும் காணாதவர்போலத் தமக்கு ஊற்றிக்கொண்டிருக்கலாம். அவரோ தம் கல்வி முழுவதையும் துழாவி, நண்பர் கை நீட்டுவதற்கு இடமுள்ள ஒரு விதியை எடுத்து முன்வைக்கிறார். விதி இருவருக்கிடையே கோடு கிழிக்கிறது. அக்கோட்டின் இரு பக்கமும் நிற்போர் ஒருவருக்காக ஒருவர் விதி கேட்காத ஒன்றைச் செய்கின்றனர்.

காய்ச்சிய மதுவுக்கு விலக்கு ஏன் என்பதற்குப் பிற்காலத்தார் இரு விளக்கங்கள் தந்தனர்: நெருப்பேறிய மது பலிபீடத்திற்குத் தகுதியற்றது, ஆகவே பானபலி அச்சம் அதற்கில்லை என்பது ஒன்று, காய்ச்சிய மது அரிதானது, அரியவற்றிற்கு விதி செய்யப்படவில்லை என்பது மற்றொன்று. எவ்வளவு சூடு 'காய்ச்சுதல்' ஆகும் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் அமெரிக்க அறிஞர் மோஷே ஃபைன்ஸ்டைன் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் போதும் என்றார். பெரிய ஆலைகள் மதுவை நொடிகளில் சூடேற்றிக் குளிர்விக்கின்றன. கார் கொட்டகையில் அத்தகைய கருவி இராது. அடுப்பில் வைத்தால் மணம் ஆவியாகி, மாதக்கணக்கில் காத்திருந்து பெற்ற சுவை கெடும். நட்புக்காக மதுவைக் கெடுப்பதா, மதுவுக்காக நட்பைக் கெடுப்பதா என்ற இக்கட்டு சிறுகுழுவில்தான் உண்மையாக எழுகிறது.

கள்ளுண்ணாமையைத் தனி அதிகாரமாகவே பயின்ற தமிழ் வாசகருக்கு, போதையே சிக்கல், அதை விலக்கினால் சிக்கலும் விலகும் என்று தோன்றலாம். இங்கே அது பொருந்தாது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடப்பில் இருந்தபோது, சமயச் சடங்குக்கான மதுவுக்குச் சட்டம் விலக்களித்தது. அவ்விலக்கைப் போலி ரபிகள் (யூத சமய குருமார்) சிலர் வணிகமாக்கி யூத சமூகத்திற்கே தலைகுனிவை உண்டாக்கினர். நியூயார்க்கின் யூத இறையியல் கல்லூரியைச் சேர்ந்த லூயிஸ் கின்ஸ்பெர்க் 1922-இல் விரிவான சட்டக் கருத்துரை ஒன்றை எழுதி, நொதிக்காத திராட்சைச் சாறே ஓய்வுநாளைப் புனிதப்படுத்தும் கித்தூஷ் சடங்குக்குப் போதுமானது என்று நிறுவினார். கொச்சி யூதரும் கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் யூதரும் உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றைக் கொண்டு இதே சடங்கை நடத்திவந்தனர். ஆனால் போதையற்ற அந்தத் திராட்சைச் சாற்றுக்கும் கை படும் விதி அப்படியே பொருந்தும். விதி கவலைப்படுவது மயக்கத்தைப் பற்றி அன்று.

தமிழ் வாசகர் மனத்தில் இந்நேரம் எழுந்திருக்கக்கூடிய மற்றொரு கேள்வியையும் மழுப்பாமல் எதிர்கொள்ள வேண்டும்: இது தீண்டாமை இல்லையா? சட்டத்தின் கட்டமைப்பில் இல்லை. தொட்டவரின் உடலில் மாசு இருப்பதாக அது கருதவில்லை. அவர் தொட்ட பழமும் நீரும் விலக்கப்படுவதில்லை. ஓய்வுநாளை வெளிப்படையாக மீறும் யூதரின் கை பட்டாலும் அதே தடை உண்டு என்று அறிஞர் பலர் கூறுவதால், இது பிறப்பை மட்டும் ஒட்டியதும் அன்று. ஆயினும், தாம் நீட்டிய புட்டி அமைதியாக நகர்த்தி வைக்கப்படுவதைக் காணும் விருந்தினருக்கு இந்த வேறுபாடுகள் எதுவும் தெரியப்போவதில்லை. தெரிந்தாலும் வலி குறையப்போவதில்லை. சட்டம் தன் அளவில் இழிவு செய்யவில்லை என்பது, அதைக் கடைப்பிடிப்பவர் இழிவு செய்யவில்லை என்பதற்கு உறுதியாகாது.

இத்தடையைத் தளர்த்த முயன்றோரும் உண்டு: அமெரிக்காவின் கன்சர்வேடிவ் என்னும் இடைநிலை யூதப் பிரிவில் 1964-இல் இஸ்ரேல் சில்வர்மனும் 1985-இல் எலியட் டார்ஃபும் தடையைத் தளர்த்தும் கருத்துரைகளை எழுதினர். இன்றைய மது ஆலைகளில் யாரும் பானபலி வார்ப்பதில்லை என்பதும், மதுத் தடை கலப்பு மணத்தைத் தடுக்கவில்லை என்பதும் மறுக்க இயலாதவை. எனினும் அவர்களுடைய வாதம் தடையின் காரணங்களைத் தீர்த்துவைக்கும் அளவுக்கு, தடை ஒப்புக்கொண்டிருந்த உண்மையைத் தொடவில்லை. யாரோடு அருந்துகிறோம் என்பது ஒரு பொருட்டே அன்று என்று ஆகிவிட்டால் அப்லாத் கையைப் பின்னிழுக்க ஒன்றுமில்லை, ஷமுவேல் தேடித் தரவும் ஒன்றுமில்லை. தடையை நீக்குவது நியாயமாகலாம்; அது செலவில்லாத நியாயம் அன்று.

தடை நீடிக்கும் இடத்திலோ, சமயச் சட்டப்படி மது செய்யும் ஆலைகள் பலவற்றில் தலைமை மதுவாக்குநர் அச்சட்டத்தைப் பேணாதவராக இருப்பதுண்டு. எந்தத் திராட்சை, எத்தனை நாள் நொதிப்பு, எதோடு எதைக் கலப்பது என்பவற்றையெல்லாம் முடிவு செய்பவர் அவரே. ஆனால் தம் பீப்பாயின் குழாயைத் திறக்க அவருக்கு அனுமதியில்லை. சட்டம் பேணும் பணியாளர் ஒருவர் வந்து மாதிரியை எடுத்துத் தரும்வரை அவர் காத்திருக்கிறார். அங்கே அது ஊதியத்திற்குட்பட்ட ஏற்பாடு. நண்பர் குழுவில் ஊதியமும் இல்லை, அமெரிக்கச் சட்டப்படி அந்த மதுவை விற்கவும் முடியாது. ஒரு வீட்டில் வயதுவந்தோர் இருவர் இருந்தால் ஆண்டுக்கு 200 கேலன், அதாவது ஏறத்தாழ 757 லிட்டர் வரை, சொந்தத் தேவைக்குச் செய்துகொள்ளலாம் என்பதோடு சரி. எனவே சாறு ஓடத் தொடங்கியபின் கை படாமல் நில் என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. அப்படி யாரும் கேட்காமலே மற்றவர் விலகி நிற்பதும், அப்படி விலகி நிற்பவருக்கு இறுக்கும் வேளையில் முதல் கோப்பையை ஊற்றித் தருவதும் அவரவரைப் பொறுத்தவை. பழத்தின் விலையைப் பங்கிடும் நாளிலேயே, குழாயைத் திறப்பவர் யார், ஒரு குடுவையை மட்டும் காய்ச்ச எல்லாரும் இசைவரா, காய்ச்சிய குடுவையின் கெட்ட சுவையை எல்லாரும் பங்கிட்டுக்கொள்வரா அல்லது ஒருவர் தலையில் மட்டும் கட்டுவரா என்பவற்றையும் அவர்கள் பேசித் தீர்த்தாக வேண்டும்.