நண்பர் கூடி உண்ணும் மேசை

கொழும்பில் வேலை பார்க்கும் தம் மகனைப் பற்றி ஒரு தாய் அண்மையில் என்னிடம் முறையிட்டார். மகன் குடிப்பதில்லை. வீட்டுக்குப் பணம் அனுப்பத் தவறுவதில்லை. ஞாயிறு பூசைக்கும் போகிறான். ஆனால் மாதத்தில் இரண்டு மூன்று தடவை நண்பர்களோடு உணவுச்சாலைகளுக்குப் போய் இராச்சாப்பாடு சாப்பிடுகிறானாம். சாப்பிடு முன் கோப்பைகளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துத் தாய்க்கும் அனுப்புகிறான். "அந்தக் காசுக்கு இங்கே ஒரு கிழமைச் சமையல் முடிந்துவிடும், ஐயா. இது போசனப்பிரியம் இல்லையா? நீங்கள் ஒருக்கால் அவனுக்குப் புத்தி சொல்லுங்கோ" என்றார்.

புத்தி சொல்ல வேண்டியது மகனுக்கா, தாய்க்கா என்று எனக்கு உடனே விளங்கவில்லை. நானும் ஒரு காலத்தில் அந்த மகனாக இருந்தவன்.

1972ஆம் ஆண்டில் எழுதுவினைஞனாகக் கொழும்புக்குப் போனேன். எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். யாழ்ப்பாணத்தவர் இருவர், மட்டக்களப்பார் ஒருவர், மன்னார் நண்பர் ஒருவர், மாத்தறையிலிருந்து வந்த சிங்கள நண்பர் ஒருவர். எல்லாரும் மணமாகாதவர்கள், எல்லாருக்கும் வாடகை அறை. பட்டணத்தில் தனியாக இருக்கும் இளைஞனுக்குப் படுக்கை உண்டு, அடுப்பு இல்லை. அவன் தினமும் உண்கிறான். ஆனால் யாரோடும் உண்பதில்லை. பொதி செய்த சோற்றைக் கட்டிலில் இருந்து தனியே தின்று, கையைக் கழுவிவிட்டுப் படுத்துக்கொள்வது எவ்வளவு வெறுமையானது என்பது அப்படி வாழ்ந்தவர்களுக்கே தெரியும்.

ஆகவே சம்பள நாளன்று மாலையில் மருதானையில் ஒரு முஸ்லிம் கடையில் கூடுவோம். புரியாணியை நடுவில் வைப்பார்கள். யாருக்கு எவ்வளவு என்று நாங்கள் பிரித்ததில்லை. உணவகங்களில் வாரத்தில் இரண்டு நாட்கள் சோறு பரிமாறத் தடையிருந்த காலம் அது. சம்பளம் அந்த நாளில் வந்தால் ரொட்டியும் இறைச்சிக் கறியும். வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டால், சுத்தபோசனத்தை நினைத்துச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைக்கச் சொல்பவர் மன்னார் நண்பர். முணுமுணுத்தபடி தள்ளிவைப்போம். முடிவில் வட்டிலப்பம் இரண்டு பேருக்கு ஒன்று. பிறகு பிளேன்ரீயை வைத்துக்கொண்டு கடைக்காரர் கதவுப் பலகை போடும்வரை பேச்சு. பல்கலைக்கழகத் தரப்படுத்தலைப் பற்றி மாத்தறை நண்பரோடு மேசையில் அடித்து வாதிட்டது அங்கேதான். வாதம் முடிந்ததும் அவர் தம் வட்டிலப்பப் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டதும் அங்கேதான். ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த மேசையில் யார் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதை என்னால் சொல்ல முடியும்.

இதிலே பாவம் எங்கே இருக்கிறது?

போசனப்பிரியத்தைத் தலையான பாவங்களில் ஒன்றாகத் திருச்சபை எண்ணுகிறது என்பது உண்மை. ஆனால் அதன் விளக்கத்தை நம்மவர் பலர் ஊன்றிக் கவனிப்பதில்லை. பாப்பரசர் பெரிய கிரகோரியார் அதற்கு ஐந்து வழிகளைக் காட்டினார். வேளைக்கு முன் உண்பது, விலையுயர்ந்ததைத் தேடுவது, அளவுக்கு மிஞ்சுவது, ஆவலோடு விழுங்குவது, பக்குவத்தில் மிகையான நுணுக்கம் பார்ப்பது என்பன அவை. புனித தோமாஸ் அக்வினாஸ் இதை எடுத்து ஆராயும்போது, உண்பதில் இன்பம் கொள்வதைப் பாவமென்று சொல்லவில்லை. ஒழுங்கை மீறிய ஆசையையே சொல்கிறார். அதற்கும் மேலே போய், இயற்கை வைத்த இன்பங்களை முற்றாக வெறுத்து ஒதுக்குவதும் ஒரு குறைபாடே என்கிறார். இந்தக் கணக்கில் பார்த்தால், வீட்டிலே மனைவி வைத்த குழம்பில் உப்பு ஒரு கல் குறைந்ததற்குக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புகிற மனிதர் ஒரு சதமும் செலவழிக்காமலே போசனப்பிரியர் ஆகிவிடுகிறார். அப்படிப்பட்டவர்கள் நம் ஊரிலே குறைவா? நம் ஆண்டவரையே போசனப்பிரியர் என்று ஏசினார்கள் என்பதையும், அவர் அதற்காக விருந்துகளுக்குப் போவதை நிறுத்தவில்லை என்பதையும் அந்தத் தாய்க்கு நினைவூட்டினேன்.

விலையுயர்ந்த உணவு என்ற இடத்தில்தான் சிக்கல். 1987இல் வெளிவந்த 'பபெத்தின் விருந்து' என்ற டென்மார்க்குத் திரைப்படத்தைச் சிலர் பார்த்திருக்கலாம். பரிசுத்த தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்ப அன்பைப் பற்றி எழுதிய ஊக்கவுரையில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார். பாரீஸ் நகரின் பெயர்பெற்ற கஃபே ஆங்கிலே உணவுச்சாலையில் சமையலுக்குத் தலைமை வகித்த ஒரு பெண், நாட்டுக் கலகத்தில் எல்லாம் இழந்து, கடலோரக் கிராமமொன்றில் இரண்டு வயோதிபச் சகோதரிகளின் வீட்டில் வேலைக்காரியாகிறாள். லொத்தரில் பத்தாயிரம் பிராங்கு விழுகிறது. அவ்வளவையும் பன்னிரண்டு பேருக்கு ஒரே ஒரு இரவு விருந்தாகச் சமைத்துவிடுகிறாள். அங்கிருந்த பக்தியுள்ள முதியவர்கள் உணவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு வந்து அமர்கிறார்கள். ஆனால் உண்ண உண்ண, தங்களுக்குள் ஆண்டுக்கணக்காக இருந்த மனக்கசப்பை மறக்கிறார்கள். அவள் செய்தது வீண் செலவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மேசையில் விலைப்பட்டியல் இல்லை. யாரும் யாருடைய கோப்பையையும் கணக்குப் பார்க்க இடமில்லை.

கொழும்பில் எங்கள் மேசைக்கு ஒருநாள் விலைப்பட்டியல் வந்து சேர்ந்தது. அதைச் சொல்லுமுன் வேறொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1973, 1974ஆம் ஆண்டுகளின் பாண் வரிசை இன்றைய தாத்தாமார் பாட்டிமாருக்கு நினைவிருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் புரியாணி மணக்கும் கையோடு வெளியே வந்தால், பக்கத்துப் பேக்கரி வாசலில் விடியற்காலைப் பாணுக்காக அப்போதே சாக்கு விரித்துப் படுத்திருப்பவர்களைக் கண்டோம். நான் உண்ணாமல் விட்டால் அந்த வரிசையில் ஒருவராவது குறைவாரா என்று மட்டக்களப்பு நண்பர் கேட்பார். குறையமாட்டார்தான். ஆனால் அது நியாயவாதியின் பதில். அந்த வாசலைக் கடக்கும்போது எங்கள் சிரிப்புச் சத்தம் தானாக அடங்கியது. அடங்காமல் போயிருந்தால் எங்களைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க வேண்டும். 2022இல் எரிவாயு வரிசையையும் எண்ணெய் வரிசையையும் கண்ட இளைஞர்களுக்கும் இது புதிதல்ல. கடையில் எங்களுக்குத் தண்ணீர் வைத்தவன் மலையகத்திலிருந்து வந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவனுக்குச் சந்தோசமாகச் சில்லறை கொடுத்தோம். அவன் சாப்பிட்டானா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

சில ஆண்டுகளில் எங்களில் மூவருக்குப் பதவி உயர்ந்தது. 1977க்குப் பின் கொழும்பில் புதிய புதிய உணவுச்சாலைகள் திறந்தார்கள். மருதானை எங்களுக்குக் கொஞ்சம் அழுக்காகத் தெரியத் தொடங்கியது. கொள்ளுப்பிட்டியில், வெள்ளைத் துணி விரித்த மேசையுள்ள இடமொன்றுக்கு மாறினோம். அதை முன்மொழிந்தவன் நானே.

உணவுச்சாலை என்பது பழைய வழக்கமல்ல என்பதை இங்கே சொல்ல வேண்டும். பாரீஸ் நகரில் 1760களில், உடம்பைத் தேற்றும் இறைச்சிச் சூப்பு விற்ற கடைகளிலிருந்து அது வளர்ந்தது. அந்தச் சூப்பின் பெயரே ரெஸ்ரோரண்ட் என்று கடைக்கும் நின்றுவிட்டது. அதற்கு முன் சத்திரங்களில் ஒரே நீள மேசை, குறித்த நேரம், வைத்ததை எல்லாரும் உண்பது என்ற முறை இருந்தது. புதிய கடைகள் தனித்தனி மேசையையும், விரும்பியதைத் தெரிந்தெடுக்கும் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் எதிரே விலையையும் கொண்டுவந்தன. வசதிதான். ஆனால் அன்று முதல் ஒரே மேசையில் இருக்கும் இருவர் ஒரே பட்டியலை இரண்டு விதமாக வாசிக்கத் தொடங்கினார்கள். ஒருவர் இடப்பக்கம் உள்ள பெயர்களை வாசிக்கிறார். மற்றவர் வலப்பக்கம் உள்ள இலக்கங்களை வாசிக்கிறார்.

மன்னார் நண்பர் வலப்பக்கம் வாசித்ததை நான் காணவில்லை. ஊரில் அவருக்கு மூன்று தங்கைமார். சம்பளத்தில் பாதிக்கு மேல் காசுக்கட்டளையாகப் போய்விடும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் காணவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி ஒரு சூப்பு மட்டும் எடுத்தார். நாங்கள் இறாலும் கோழியும் ஐஸ்கிறீமும் எடுத்தோம். பில் வந்தபோது வழக்கப்படி ஐந்தாகப் பிரித்தோம். அவர் தம் பங்கை எண்ணி வைத்தார். அதன் பின் அவர் வரவில்லை. ஒருமுறை நவநாள், ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை ஊரிலிருந்து ஆள் வருகுது. நாலாம் முறை நாங்கள் அழைக்கவில்லை.

கொரிந்து நகரத்துச் சபைக்குப் புனித சின்னப்பர் எழுதிய கண்டிப்பு இதைப் பற்றியதே என்பது எனக்கு நெடுநாள் சென்றே உறைத்தது. கூடி உண்ண வந்த இடத்தில் வசதியுள்ளவர் முந்தி உண்ண, இல்லாதவர் பசியோடு இருந்தார். அப்போஸ்தலர் கோபித்தது உணவின் மேல் அல்ல, இல்லாதவரை வெட்கப்படுத்தியதன் மேல். நாங்கள் செய்தது அதிலும் மோசம். வெட்கப்படுத்தியதற்கு அவரிடமே பங்கும் வாங்கினோம்.

நட்பைப் பற்றி நிறைய எழுதிய அரிஸ்டோட்டல், சேர்ந்து உப்புத் தின்னாமல் ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்ற பழமொழியை ஒத்துக்கொள்கிறார். இருவருக்கிடையே செல்வத்திலோ நிலையிலோ இடைவெளி மிகவும் பெருத்துவிட்டால் நட்பு நிலைக்காது என்றும் சொல்கிறார். முதலாவதை நான் ஏற்கிறேன். இரண்டாவதை அரைமனத்தோடுதான் ஏற்க முடிகிறது. எங்களுக்கிடையே இருந்த இடைவெளி பெரியதல்ல, இரண்டு சம்பளப்படி உயர்வுதான். அதை மேசைக்குக் கொண்டுவந்து துணி விரித்து வைத்தவர்கள் நாங்கள்.

பிறகு எப்படிக் கொடுத்திருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அவரவர் உண்டதற்கு அவரவர் கொடுப்பது நீதி. ஆனால் அது நண்பர்களைப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வாடிக்கைக்காரர் ஆக்கிவிடும். ஒருவரே பில்லைப் பிடுங்கிக்கொண்டு கொடுப்பது பெருந்தன்மை போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறையும் அவரே பிடுங்கினால் மற்றவர்கள் விருந்தாளிகளாகி, பிறகு கடனாளிகளாகிவிடுவார்கள். கலியாண வீட்டில் மொய் எழுதும் நமக்கு இது நன்றாகத் தெரியும். முறை வைத்துக் கொடுப்பது நல்லது, இடத்தை எல்லாரும் தாங்கக்கூடியதாகத் தெரிந்தால். கொடுப்பதற்கான பிழையற்ற வழியை நான் இதுவரை கண்டதில்லை. இடத்தைத் தீர்மானிக்கும்போதே, கையில் ஆகக் குறைவாக உள்ளவரை மனத்தில் வைத்திருந்தால் பில் வரும் நேரத்தில் இவ்வளவு சாமர்த்தியம் தேவைப்பட்டிராது. மருதானையில் யார் எவ்வளவு கொடுத்தோம் என்பது எனக்கு நினைவேயில்லை.

1983 யூலையில் எங்கள் கூட்டம் சிதறியது. அந்தக் கிழமையில் எனக்குக் கதவைத் திறந்துவிட்டு, மூன்று நாட்கள் தம் வீட்டுப் பின்னறையில் வைத்துச் சோறு தந்தவர் மாத்தறை நண்பர். தரப்படுத்தலைப் பற்றி நாங்கள் இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

அந்தத் தாயிடம், மகனைத் தடுக்க வேண்டாம் என்றேன். ஆனால் அடுத்த முறை படம் அனுப்பும்போது, கோப்பைகளை விட்டு மேசையில் இருப்பவர்களைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள், முன்பு வந்து இப்போது வராதவர் யாராவது உண்டா என்றும் கேளுங்கள் என்றேன். தாய்க்குப் பதில் திருப்தி தரவில்லை என்றே நினைக்கிறேன். காசு காசுதானே, ஐயா என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் காசு அவர் கணக்கில் இடியப்பமும் பால்மாவுமாகத் தெரிகிறது.

மன்னார் நண்பரை 2012 ஆவணியில் மடுத் திருநாளில் கண்டேன். சனக்கூட்டத்தில் அவர்தான் என்னை அடையாளம் கண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தலை முழுவதும் நரைத்திருந்தது. தங்கைமார் மூவரும் நன்றாக இருக்கிறார்கள், ஒருவர் கனடாவில். தற்காலிகமாகப் போட்டிருந்த தேநீர்க் கொட்டிலுக்குள் கூட்டிப்போனார். கொள்ளுப்பிட்டியைப் பற்றிப் பேச நான் வாயெடுத்தேன். அவர் கையமர்த்தினார். அன்று கொட்டாஞ்சேனை வரைக்கும் நடந்து போனதை மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார். நடை அவ்வளவு தூரமில்லையாம், கடற்காற்று நன்றாக இருந்ததாம். பிறகு மருதானைக் கடையைப் பற்றித் தொடங்கினார். மட்டக்களப்பார் எலும்பை உறிஞ்சும் சத்தத்தைச் செய்து காட்டினார். வட்டிலப்பத்தில் யாருக்கு யார் கூட்டு என்பதும் அவருக்கு நினைவிருந்தது. இரண்டு பிளேன்ரீக்கும் இரண்டு வடைக்கும் நான் சட்டைப்பையில் கைவைக்கு முன்னே காசைக் கொடுத்துவிட்டார். மிச்சச் சில்லறையை வாங்கும்போது, ரீ வைத்த சிறுவனைப் பார்த்து, "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டார்.