பகர்தல்

பழைய வண்டியை விற்பது ஒரு தார்மீகப் பிரச்னை என்றால் சிரிப்பார்கள். இரண்டு பேர், ஒரு பொருள், ஒரு விலை. இதில் தத்துவத்துக்கு என்ன வேலை? ஆனால் தார்மீகம் பரிசோதிக்கப்படுவது லட்சியங்களில் அல்ல, இம்மாதிரிச் சில்லறை விவகாரங்களில்தான் என்பது என் கட்சி.

நான் விற்க இருப்பது 2013ல் வாங்கிய ஒரு க்ரூஸர் மோட்டார் சைக்கிள். நீர்த்துளி வடிவ டேங்க், வட்ட விளக்கு, குரோமியப் பூச்சு. தோற்றம் 1950களுடையது; உள்ளே மின்னணு இக்னிஷனும் டிஸ்க் பிரேக்கும். 1955ல் சென்னையில் என்ஃபீல்டு புல்லட் உருவாகத் தொடங்கியபோது அம்மாதிரித் தோற்றம் அந்தக் காலத்தின் இயல்பு. இன்று அது ஒரு வேஷம். அப்படியானால் என் வண்டியே ஒரு பொய்யா? இல்லை. செய்தவனுக்கும் தெரியும், வாங்கியவனுக்கும் தெரியும். கூத்தில் அரிதாரம் யாரையும் ஏமாற்றுவதில்லை. ஒருவனுக்கு மட்டுமே தெரிந்த வேஷம்தான் பொய்.

அப்படி எனக்கு மட்டுமே தெரிந்தது ஒன்று உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வண்டி இரண்டு நாள் டேங்க் வரை தண்ணீரில் நின்றது. எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்தாயிற்று. ஆனால் அடைமழையில் எப்போதாவது முகப்பு விளக்கு அணைந்துவிடுகிறது. ஒயரிங்கில் எங்கோ களிம்பு. மெக்கானிக்கின் யோசனை: “வெள்ளத்தப் பத்தி வாயே தொறக்காதீங்க சார். கேட்டா பாத்துக்கலாம்.” சொன்னால் விலையில் இருபதாயிரம் குறையும். சொல்லாவிட்டால் அதை இருட்டுச் சாலையில் வேறொருவன் வேறு விதமாகக் கொடுக்க நேரலாம்.

மெக்கானிக்குக்கு ஒரு பழைய முன்னோடி இருக்கிறார். கி.மு. 44ல் சிசரோ எழுதிய ‘கடமைகள்’ நூலின் மூன்றாம் பகுதியில் இந்த விவாதம் வருகிறது. பஞ்சத்தில் தவிக்கும் ரோட்ஸ் தீவுக்கு ஒரு வியாபாரி தானியம் கொண்டுவருகிறான். பின்னால் வேறு கப்பல்களும் வருவது அவனுக்குத் தெரியும். சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும் என்கிறார் ஆன்டிபேட்டர். சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார் டயோஜெனஸ். எல்லாவற்றையும் சொல்வதானால் அது விற்பனையல்ல, தானம் என்பது அவர் வாதம். சிசரோ ஆன்டிபேட்டர் பக்கம் சேர்கிறார்: தன் லாபத்துக்காக அடுத்தவன் அறியாமல் இருக்கட்டும் என்று விரும்பும் மௌனம் மறைப்பதுதான்.

நமது சட்டம் பெரும்பாலும் டயோஜெனஸ் பக்கம். 1872ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ம் பிரிவில் ஒரு நோயுற்ற குதிரை வருகிறது. அதை ஏலத்தில் விற்பவன் பேசாமலிருந்தால் மோசடியாகாது. ஆனால் வாங்குபவள் அப்போதுதான் மேஜரான அவன் மகள் என்றால் சொல்வது கடமை. படிவம் 29லும் 30லும் வெள்ளத்துக்கென்று கட்டம் கிடையாது. பாங்க்கில் படிவங்களோடு பிழைக்கும் எனக்கு, கட்டம் இல்லாத இடத்தில் கேள்வியும் இல்லை என்ற சௌகரியம் நன்றாகவே பழக்கம்.

ஆனால் அந்த மகள் என்னை விடுவதாயில்லை. உறவு இருந்தால் உண்மை சொல்ல வேண்டும் என்று சட்டமே ஒப்புகிறது. எனில் உறவு எங்கே முடிகிறது? வண்டி பார்க்க வரும் முன்பின் தெரியாத பையன் என்னை ‘அண்ணே’ என்பான். அது வெறும் மரியாதைச் சொல் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் விலை பேசும்போது நானும் ‘தம்பி’ என்பேன். உறவை லாபத்துக்கு மட்டும் கூப்பிட்டுவிட்டு, பொறுப்பு வரும்போது அந்நியனாகிவிட முடியாது.

சொல்வதிலும் ஒரு சூது உண்டு. சிறு குறையை ஒப்புக்கொண்டு பெரியதை மறைப்பது, நமது மதிப்புரைகள் நன்கறிந்த உத்தி. டேங்க்கில் உள்ள கீறலைக் காட்டி நல்ல பெயர் வாங்கிவிட்டு விளக்கைப் பற்றி விழுங்கிவிடலாம். ஆகவே எவ்வளவு சொன்னோம் என்பது அளவுகோல் அல்ல. எதைச் சொன்னால் நமக்கு நஷ்டமோ அதைச் சொன்னோமா என்பதே.

சிலப்பதிகாரத்தில் தெருவில் திரிந்து விற்பவர்களுக்குப் ‘பகர்வனர்’ என்று பெயர். பகர்தல் என்றால் விற்றல். பகர்தல் என்றால் சொல்லுதலும். ஒரே வினை. சரக்கின் பெயரைக் கூவி விற்றதால் வந்த பொருளாகவும் இருக்கலாம். அதில் அறம் தேடுவது என் ஆசையாக இருக்கலாம். ஆனாலும் பின்னால் ‘விற்றல்’ நிலைத்து, ‘பகர்தல்’ செய்யுளுக்குள் ஒதுங்கிக்கொண்டதை வெறும் மொழி மாற்றமாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.